சுராங்கனியைக் கூப்பிடுவது யார்?

தெஹிவளை, களுபோவில, வெள்ளவத்தைப் பக்கத்துத் திருமண வரவேற்புகளில் பாட்டுகளுக்கென்று ஒரு வரிசை உண்டு. மாப்பிள்ளையும் பொம்பிளையும் மண்டபத்துக்குள் வரும்போது மெதுவான ஆங்கிலப் பாட்டு. கேக் வெட்டிப் பேச்சுகள் முடியும்வரை வெறும் வாத்திய இசை. சாப்பாட்டு நேரத்தில் இளையராஜா, ரஹ்மான், இளசுகளின் கேள்விக்காக அனிருத். சாப்பாடு முடிந்து பெரியவர்களில் பாதிப் பேர் விடைபெற்ற பிறகுதான் மூலையிலிருந்து யாராவது 'பைலா போடுங்கோ' என்பார்கள். அதன்பின் வருவது 'நொன்ஸ்டொப்'. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மூச்சுவிட இடமில்லை. தாளம் ஒன்றே ஓடிக்கொண்டிருக்க, பாடல்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிப் போகும். அந்த ஓட்டத்தில் 'சுராங்கனி' வராத வரவேற்பு எதையும் நான் கண்டதில்லை. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கல்யாணங்களில் அது இன்னும் கொஞ்சம் முந்தியே வந்துவிடும். வெள்ளவத்தைச் சைவக் கல்யாணத்தில் காலையில் நாதஸ்வரமும் தவிலும் முழங்கி முடிந்திருக்கும்; இரவில் அதே உறவுக்காரர்கள் கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள்.

பாட்டில் கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. சுராங்கனி என்ற பெண்ணை ஒருவன் கூப்பிடுகிறான். மீன் கொண்டுவந்திருப்பதாகச் சொல்கிறான். பல்லவி சிங்களம், சரணங்கள் தமிழ். 1970களில் ஏ.ஈ. மனோகரன் பாடிப் பரப்பியது. இலங்கையில் அவருக்குப் 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' என்று பெயர். தமிழ்நாட்டில் 'சிலோன் மனோகர்'. அவர் 2018 ஜனவரி 22ஆம் திகதி சென்னையில் காலமானார். அவரோடு ஒரே காலத்தில் வந்த நூற்றுக்கணக்கான பொப் பாடல்களைப் பழைய ஒலிநாடா சேர்த்துவைத்திருப்பவர்கள் மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். இந்த ஒன்று மட்டும் ஐம்பது ஆண்டு தாண்டி நிற்கிறது. ஏன்?

இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கும். ஒன்று, 'இலகுவான பாட்டு'. மற்றது, 'சிங்களவரையும் தமிழரையும் சேர்த்த பாட்டு'. முதலாவது உண்மைதான், ஆனால் அது போதாது. இலகுவான பாட்டுகள் எத்தனையோ செத்துப்போயிருக்கின்றன. இரண்டாவது, மேடையில் சொல்ல நன்றாக இருக்கும்; அதைப் பின்னால் பார்ப்போம்.

இந்தக் கேள்வியை எங்களுக்கு முன்பே அமெரிக்காவில் கேட்டுவிட்டார்கள். அங்கே ரிதம் அண்ட் புளூஸ் பாடல்கள் இரண்டின் வரலாறு ஆட்டப்பாட்டுகளின் ஆயுளைப் பற்றிச் சில விசயங்களைத் தெளிவாக்குகிறது. ஹாங்க் பலார்ட் என்ற கறுப்பினப் பாடகர் 'த ட்விஸ்ட்' என்ற பாடலை 1959இல் ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்தில் வெளியிட்டார். முன்பக்கத்துப் பாட்டைத்தான் நிறுவனம் நம்பியிருந்தது. அடுத்த ஆண்டு சப்பி செக்கர் அதே பாட்டை ஏறக்குறைய அதே விதமாகப் பாட, தொலைக்காட்சி அதைத் தூக்கிப்பிடித்தது. 1960 செப்டெம்பரில் அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. பிறகு இறங்கி, 1962 ஜனவரியில் மறுபடியும் முதலிடத்துக்கு ஏறியது. முதல் தடவை அதை ஆடியவர்கள் பள்ளிப் பிள்ளைகள். இரண்டாம் தடவை நியூயோர்க்கின் இரவு விடுதிகளுக்கு வந்த பணக்காரப் பெரியவர்கள். பில்போர்ட் சஞ்சிகை 2008இல் தன் ஐம்பதாண்டுப் பட்டியலைத் தொகுத்தபோது எல்லாவற்றுக்கும் மேலே வைத்தது இந்தப் பாட்டைத்தான்.

அதன் வெற்றிக்குக் காரணம் மெட்டு மட்டுமல்ல. அந்த ஆட்டத்துக்குச் சோடி தேவையில்லை. அதுவரை மண்டபத்தில் ஆட வேண்டுமென்றால் ஒரு பெண்ணின் கையைப் பிடிக்கத் தெரிய வேண்டும், அடிவைப்பு தெரிய வேண்டும், பிழைவிட்டால் இருவருக்கும் வெட்கம். ட்விஸ்டில் அவரவர் நின்ற இடத்திலேயே இடுப்பைத் திருப்பினால் சரி. குளித்த பிறகு துவாயால் முதுகைத் துடைப்பதுபோலவும், கீழே போட்ட சிகரெட்டைக் காலால் நசுக்குவதுபோலவும் செய்யுங்கள் என்று செக்கர் சொல்லிக்கொடுத்தார். அதைக் கற்றுக்கொள்ள யாருக்கும் ஐந்து நிமிடத்துக்குமேல் ஆகவில்லை.

இரண்டாவது பாட்டு 'லூயி லூயி'. ரிச்சர்ட் பெரி என்ற கறுப்பினப் பாடகர் எழுதி 1957இல் வெளியிட்டார். அதுவும் முதலில் இசைத்தட்டின் பின்பக்கத்தில்தான் இருந்தது. கடலோடி ஒருவன் மதுக்கடைக்காரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தன் காதலியிடம் போக வேண்டும் என்கிறான், விசயம் அவ்வளவுதான். பெரிக்குக் கல்யாணச் செலவுக்குக் காசு வேண்டியிருந்தது. பாட்டின் உரிமையை 750 டொலருக்கு விற்றுவிட்டார். 1963இல் கிங்ஸ்மென் என்ற வெள்ளைப் பையன்களின் குழு அதைக் கரகரவென்று பதிவுசெய்தது. சொற்கள் யாருக்கும் விளங்கவில்லை. விளங்காததால் ஆபாசமாக இருக்கலாம் என்று பெற்றோர் முறைப்பாடு செய்தார்கள், இண்டியானா ஆளுநர் அதை வானொலிகளில் ஒலிபரப்ப வேண்டாம் என்றார், எஃப்.பி.ஐ. அதைப் பல வேகங்களில் ஓடவிட்டுக் கேட்டுப் பார்த்தது. கடைசியில் ஒன்றும் விளங்கவில்லை என்றே எழுதி வைத்தது. அந்தக் கோப்பை யாரும் நகைச்சுவைக்காக எழுதவில்லை, ஆனால் நான் படித்த மிகச் சிறந்த நகைச்சுவைகளில் அதுவும் ஒன்று.

பின்பக்கத்துப் பாட்டு, வேறொருவர் பாடிப் பெயர் பெற்றது, தனியே ஆட முடிந்தது, சொல் விளங்காமலே கூடப் பாட முடிந்தது, ஒரு பெயரைக் கூப்பிடுவது. இவற்றில் பலதை 'சுராங்கனி'யிலும் காண்கிறேன். கடைசி இரண்டும் முக்கியமானவை என்பது என் எண்ணம். ஆனால் அதற்கு முன் கால்களைப் பற்றிப் பேச வேண்டும்.

பைலா ஆறு தட்டுத் தாளம். மேற்கத்தியக் கணக்கில் ஆறுக்கு எட்டு. கர்நாடக இசை கேட்டவர்களுக்குத் திஸ்ர நடை என்றால் உடனே பிடிபடும்: த-கி-ட, த-கி-ட. கால் இரண்டு தடவை விழும். கை ஆறு தடவை தட்டும். மூன்று மூன்றாகப் போய்க்கொண்டிருக்கிற ஆறைத் திடீரென்று இரண்டிரண்டாகப் பிரித்துக் காட்டுவதில்தான் வாசிப்பவரின் குறும்பு இருக்கிறது. இடுப்பு தடுமாறுவதும் அங்கேதான். ரிதம் அண்ட் புளூஸின் 'ஷஃபிள்' நடையும் மும்மூன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் அதில் நடுத் தட்டை விழுங்கிவிடுவார்கள். 'கி' இல்லாத த-கி-ட. இரண்டு இசைகளுக்கும் ஆபிரிக்கத் தொடர்பு உண்டு என்றாலும் அண்ணன் தம்பி என்று சொல்லிவிடக் கூடாது. அமெரிக்காவுக்கு அடிமைகளை ஏற்றிய கப்பல்கள் பெரும்பாலும் மேற்கு, மத்திய ஆபிரிக்கக் கரையிலிருந்து போனவை. இலங்கைக்கு வந்த ஆபிரிக்கர்கள் பெரும்பாலும் கிழக்குக் கரையைச் சேர்ந்தவர்கள். போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் அடிமைகளாகவும் ஆள்வேலைக்காகவும் வந்தார்கள். பிரித்தானியர் அவர்களைப் படைவீரர்களாகச் சேர்த்தார்கள். அந்தப் படை கலைக்கப்பட்டபின் புத்தளத்துக்கு அருகே சிறாம்பியடியில் குடியேறியவர்களின் வழிவந்தோர் இன்றும் அங்கே இருக்கிறார்கள். 'மஞ்ஞா' என்று தாங்கள் அழைக்கும் பாட்டுகளைச் சிதைந்த போர்த்துக்கேயத்தில் பாடுகிறார்கள். பாடும் பலருக்கு அந்தச் சொற்களின் பொருள் முழுதாகத் தெரியாது. தாளம் மட்டும் தவறாது.

மட்டக்களப்பின் கதை தமிழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமானது, இன்னும் குறைவாகப் பேசப்பட்டது. அங்குள்ள போர்த்துக்கேயப் பறங்கியர் தச்சு, கொல்லுத் தொழில்களில் பெயர் பெற்றவர்கள். வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல், தெருவில் தமிழ். அவர்களுடைய கல்யாணங்களில் வயலின், மண்டலின், றபான் ஆகியவற்றுடன் 'காப்பிரிஞ்ஞா'வும் 'லான்சர்ஸ்' சோடி ஆட்டமும் நடந்துவந்தன. அமெரிக்க ஆய்வாளர் கெனத் டேவிட் ஜாக்சன் இந்தக் கிரியோல் பாட்டுகளைச் சேகரித்து 1990இல் நூலாக வெளியிட்டார். சுற்றுமுற்றும் தமிழ் பேசுகிற ஊரில் பேசப்பட்ட மொழி அது. 2004 டிசம்பர் சுனாமி அவர்கள் வாழ்ந்த கரையோரப் பகுதியை அழித்தபோது இலங்கை இசை வரலாற்றின் ஒரு பகுதியும் அடிபட்டது. பைலாவைச் சிங்களவரிடமிருந்து தமிழர் வாங்கிய ஒன்று என்று எழுதும்போது இந்த மட்டக்களப்புத் திண்ணைகள் எங்கே போயின என்று கேட்கத் தோன்றுகிறது.

தெற்குக் கரையில் அதைச் சிங்களப் பாட்டாக மாற்றியவர் வொலி பஸ்தியான். பொலிஸ் உத்தியோகத்தர். 1940களில் காப்பிரிஞ்ஞாத் தாளத்துக்குச் சிங்களச் சொற்கள் போட்டுப் பாடினார். அதன் பின் எம்.எஸ். பெர்னாண்டோ வந்தார், 'வாத பைலா' என்ற, இரண்டு பாடகர்கள் ஒருவரையொருவர் மடக்கிப் பாடும் போட்டிகள் வந்தன. 1960களில் கிட்டாரும் பொங்கோவும் கலிப்ஸோவும் சேர்ந்தன. நொயெல் ரணசிங்கவின் லா சிலோனியன்ஸ், பிறகு மொரட்டுவை ஜிப்சீஸ் சுனில் பெரேரா, பைலாவுக்கு மேடை மினுக்கம் கொடுத்த டெஸ்மண்ட் டி சில்வா என்று பட்டியல் நீளும். சுனில் பெரேரா 2021 செப்டெம்பரிலும், டெஸ்மண்ட் 2022 பெப்ரவரியிலும் மறைந்தார்கள். அந்த இரண்டு மரணங்களுக்கும் கொழும்புத் தமிழ் வீடுகளில் கேட்ட அனுதாபத்தில் பாதிகூடப் பல தமிழ் வித்துவான்களுக்குக் கிடைத்ததில்லை. இது குறையல்ல, நடந்ததைச் சொல்கிறேன்.

பைலாவைப் பெரிய மனிதர்கள் எப்போதும் மதித்ததில்லை. 1952இல் இலங்கை வானொலி தன் கலைஞர்களைத் தரம் பிரிக்க இந்தியாவிலிருந்து இசை அறிஞர் எஸ்.என். ரத்தன்ஜங்கரை அழைத்தது. வட இந்திய ராகப் பயிற்சி, சுதேச மரபு, 'சரள கீ' எனும் மெல்லிசை என்று வானொலி ஒரு மேட்டுப் பாதையைத் தேர்ந்தெடுத்தது. அதில் பைலா, குடித்துவிட்டு ஆடுபவர்களின் பாட்டு, கலப்பினத்தாரின் பாட்டு. சிங்களத் தேசிய இசை பற்றி ஆராய்ந்த ஆன் ஷீரன் இந்த ஒதுக்கலை விரிவாக எழுதியிருக்கிறார்: தூய்மையை வேண்டிய ஒரு தேசியத்துக்குப் பறங்கியரின் தாளம் ஒரு சங்கடமாக இருந்தது. தமிழ்ப் பக்கத்திலும் இதே மனநிலைதான், காரணம் மட்டும் வேறு. சங்கீதம் என்றால் சபா, பாட்டு என்றால் பண், அதற்குக் கீழே சினிமா. பைலா அந்தக் கணக்கிலேயே வராது. ஆனால் கும்மியும் காவடிச் சிந்தும் பல இடங்களில் திஸ்ர நடையில்தான் போகின்றன. நல்லூர்த் திருவிழாவில் காவடி ஆடியவனுக்கு பைலாவின் ஆறு தட்டைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மேடையில் ஒதுக்கப்பட்ட தாளம் உடம்பில் ஏற்கெனவே இருந்தது.

1960களின் இறுதியில் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் கிட்டாருடன் 'சின்ன மாமியே' பாடியபோது நடந்தது இதுதான். யாழ்ப்பாணத்தில் மாமியிடம் மகளைப் பற்றி விசாரிக்கிற பேச்சு, அப்படியே பைலாத் தாளத்தில். படித்த குடும்பங்களில் முகம் சுளித்தார்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். திருகோணமலையிலிருந்து எம்.பி. பரமேஷ் மெல்லிசையும் பொப்பும் கலந்த பாட்டுகளோடு வந்தார். 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதியைக் கடுமையாக இறுக்கியது. இந்தியச் சஞ்சிகைகளுக்கும் படங்களுக்கும் கட்டுப்பாடு. அந்தக் காலத்து வரிசைகளையும் மரவள்ளிக்கிழங்கையும் நினைத்து இன்றும் பெருமூச்சு விடுகிறவர்கள் இருக்கிறார்கள்; ஆனால் இலங்கைத் தமிழ்ச் சிறுகதைக்கும் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் அந்த ஆண்டுகள் நல்ல ஆண்டுகள். செங்கை ஆழியானின் நாவலைப் படமாக்கிய 'வாடைக்காற்று' 1978இல் வந்தது. அதில் நடித்தவர்களில் மனோகரனும் ஒருவர். சென்னையிலிருந்து வருவது குறைந்தபோது உள்ளூரில் பாட ஆள் தேவைப்பட்டது. பொப் பாட்டு அந்த இடைவெளியில் வளர்ந்தது என்று நினைக்கிறேன்.

மனோகரனின் கெட்டித்தனம், தமிழ்க் கூட்டத்துக்குச் சிங்களப் பல்லவியை மொழிபெயர்க்காமலே கொடுத்தது. கொழும்பில் வளர்ந்த தமிழருக்கு அதில் புதுமை இல்லை. பஸ்ஸில், சந்தையில், ஆஸ்பத்திரி வரிசையில் தினமும் கேட்கிற மொழி. களுபோவில ஆஸ்பத்திரி வாசலில் மீன் விற்கிறவனின் குரலைச் சிங்களத்தில்தான் கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அந்தப் பல்லவி கொஞ்சம் அந்நியம், அதனாலேயே வேடிக்கை. மதுரையிலும் திருச்சியிலும் அது முழு அந்நியம். சொல்லாக இல்லாமல் வெறும் சத்தமாகவே வாயில் நுழைந்தது. 'லூயி லூயி'க்கு அமெரிக்காவில் நடந்தது போலத்தான் இதுவும். ஒரே வித்தியாசம், இங்கே எந்தப் பொலிஸும் அதை மெதுவாக ஓடவிட்டுக் கேட்கவில்லை.

1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா 'சுராங்கனி'யைப் பயன்படுத்தினார். 'அன்னக்கிளி' வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அவருக்கு இன்னும் ராஜா பட்டம் முழுதாகச் சூட்டப்படவில்லை. பாடியவர்கள் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும். யோசித்துப் பார்த்தால் சுவையாக இருக்கிறது: ஆபிரிக்கத் தாளம், போர்த்துக்கேயர் வழி, சிங்களப் பல்லவி, இலங்கைத் தமிழர் பரப்பிய பாட்டு, மலாயாவில் பிறந்த மலையாளி ஒருவர் சென்னை ஒலிப்பதிவுக்கூடத்தில் நின்று பாடுகிறார். அதன் பிறகு தமிழ்நாட்டு மெல்லிசைக் குழுக்களும், கல்லூரிச் சுற்றுலாப் பஸ்ஸின் பின் இருக்கைகளும் அதை எடுத்துக்கொண்டன. மனோகரனும் பின்பு சென்னைக்கே போய் மலையாளப் படங்களிலும் தமிழ்ப் படங்களிலும் நடித்தார். அங்கே அவரை வில்லனாகக் கண்டவர்கள், இவர்தான் அந்தப் பாட்டைப் பாடியவர் என்று கேள்விப்பட்டு ஆச்சரியப்பட்டார்கள்.

இலங்கையிலும் அது 1977தான். அந்த ஆகஸ்டில் தமிழர்மீது வன்முறை நடந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1983 ஜூலையில், வெள்ளவத்தையில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 'சுராங்கனி' அப்போது புகழின் உச்சத்தில் இருந்தது. அதைப் பாடி ஆடிய அயலவர்களில் சிலர் தமிழர்களை வீட்டுக்குள் ஒளித்துவைத்தார்கள். அதே பாட்டுக்கு ஆடிய வேறு சிலர் பெயர்ப் பட்டியலோடு வந்தவர்களுக்கு வழி காட்டினார்கள். இந்தப் பாட்டை இன ஒற்றுமையின் சின்னமாக மேடைகளில் அறிவிக்கும்போது என் காது கூசுகிறது. அது பத்து நிமிடம் ஒரே தரையில் கால் வைக்கச் செய்தது. அதைவிட அதிகம் அது வாக்குக் கொடுக்கவும் இல்லை. அந்தச் சுமையை ஏற்றாமல் விட்டதால்தான் 1983க்குப் பிறகும் அதைப் பாட முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒற்றுமைக்காகவே எழுதப்பட்ட பாட்டுகள் அந்த ஆண்டுக்குப் பின் கேட்கவே முடியாதவையாகிவிட்டன. இது மீன் பற்றிய பாட்டு. யாருக்கும் பொய்யாகப் படவில்லை.

இன்று அதைத் தாங்கிப் பிடிப்பவற்றுள் கல்யாண மண்டபத்தைவிட வலுவானது விளையாட்டுத் திடல். பப்பரே வாத்தியக் குழு, அதாவது ட்ரம்பெட்டும் முரசும் சிம்பலும் சேர்ந்த சத்தம், இல்லாமல் இலங்கையில் பாடசாலைகளின் பெரிய கிரிக்கெட் போட்டி கிடையாது. கொழும்பின் ரோயல்–தோமியன் போட்டியிலும், யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் நடக்கும் 'வடக்கின் பெரும் போர்' போட்டியிலும் பப்பரே முழங்கும். பப்பரேக்குப் பாடகர் தேவையில்லை. சொற்கள் கழன்று விழுந்து மெட்டு மட்டும் மிஞ்சும். கூட்டம் தன் பங்கைக் கத்திக்கொள்ளும். ட்ரம்பெட் 'சுராங்கனி'யின் முதல் அசைவை வாசித்தால் போதும், பெயரைக் கூப்பிடுவது ஆயிரம் பேரின் வேலை.

கூப்பிடுவது என்பதுதான் இந்தப் பாட்டின் முழு அமைப்பும். பெயர், அதன் பின் ஒரு சிறு செய்தி, மீண்டும் பெயர். இரண்டு, மிஞ்சினால் மூன்று கோர்ட். தொடக்கநிலைக் கிட்டார் மாணவன் ஒரு மாலையில் பிடித்துவிடுவான். சரணங்கள் ஒன்றுக்கொன்று கதையால் கட்டப்படாதவை. அதனால் எதையும் கழற்றலாம், எதையும் சேர்க்கலாம். கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெயர் வரும், பிரியாவிடையில் அதிபரின் பட்டப்பெயர் வரும், ஒரு தேர்தலில் வேட்பாளரின் பெயரைச் சேர்த்துப் பாடியதை நானே கேட்டிருக்கிறேன். 'லூயி லூயி'யை ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பதிவுசெய்தார்கள் என்கிறார்கள். அதிலும் இப்படித்தான், விளங்காத சரணத்தை அவரவர் தமக்கேற்ப நிரப்பிக்கொண்டார்கள். நல்ல கவிதையின் எந்த இலக்கணத்துக்கும் இது எதிரானது. நல்ல கவிதையில் ஒரு சொல்லை எடுத்தால் வீடு விழும் என்போம். இங்கே சுவர்களையெல்லாம் எடுத்துவிட்டாலும் கூரை நிற்கிறது.

கூப்பிடுகிற பாட்டில் இன்னொரு வசதி உண்டு. கூப்பிடப்படுபவர் அங்கே இருக்கத் தேவையில்லை. லூயி என்ன சொன்னான் என்று அந்தப் பாட்டுக்குத் தெரியாது. 'சின்ன மாமியே'யில் தேடப்படுகிற மகள் வாய் திறப்பதில்லை. சுராங்கனி மீனை வாங்கினாளா, விலை பேசினாளா, கதவைச் சாத்தினாளா என்பது பாட்டுக்கு முக்கியமே இல்லை. ஆணின் அழைப்பு ஒன்றே பாட்டாகிவிடுவதைப் பெண்ணிய வாசகர் ஒருவர் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பைலாவின் பெரும்பகுதி ஆண்கள் பெண்களை நோக்கிச் செய்கிற கேலிதான். ஆனாலும் மண்டபத்தில் நடப்பதைப் பார்த்தால், அந்தப் பெயரை அதிக சத்தமாகக் கூப்பிடுவது பெரும்பாலும் பெண்கள். ஐம்பது வயதுச் சித்தியும் பதினைந்து வயது மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கூப்பிடுகிறார்கள். பதில் வராத இடத்தில் ஆட்டம் நிரம்பிவிடுகிறது.

ஆட்டமும் அப்படித்தான் தளர்ந்தது. மட்டக்களப்புப் பறங்கியரின் சோடி ஆட்டத்துக்கு வரிசை உண்டு, மாறும் இடம் உண்டு, வணக்கம் உண்டு. அது கொழும்புக்கு வருவதற்குள் எல்லாம் கரைந்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி இடுப்பை அசைப்பதாக மிஞ்சியது. இழப்புதான். ஆனால் ட்விஸ்டைப் போல, யாரும் பிழைவிட முடியாத ஆட்டம் ஆனதும் அப்போதுதான். கொழும்புத் தமிழ்க் கல்யாணங்களில் ஆணும் பெண்ணும் கை பிடித்து ஆடுவதை இன்னும் மாமாமார் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். பைலாவில் அந்தப் பிரச்சினை எழுவதில்லை. வட்டம், நடுவில் யாராவது ஒருவர், மற்றவர்கள் கை தட்டல். ஸ்காபரோவிலும் லண்டன் ஹரோவிலும் சிட்னியிலும் நடக்கும் எங்கள் கல்யாணங்களுக்கு இந்த வட்டம் அப்படியே போயிருக்கிறது. அங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சிங்களம் தெரியாது, தமிழும் அரைகுறை. பெயரைக் கூப்பிட இரண்டுமே தேவைப்படவில்லை.

இலங்கைத் தீவிலிருந்து இந்தியாவை ஆட்டிய அடுத்த பாட்டுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 'மனிக்கே மகே ஹிதே' 2020இல் சதீஷன் ரத்நாயக்கவின் குரலில் வந்தது. எழுதியவர் துலான் ஏஆர்எக்ஸ், இசை சமத் சங்கீத். 2021 மே மாதத்தில் யொஹானி சதீஷனுடன் சேர்ந்து பாடிய வடிவம் யூடியூபில் பறந்தது. 2022இல் 'தாங்க் கோட்' என்ற ஹிந்திப் படத்தில் அதன் ஹிந்தி வடிவம் வந்தது. அது பைலா அல்ல, மெதுவான பாட்டு. ஆனால் போன பாதை பழைய பாதைதான்: சிங்களச் சொல் விளங்காத கோடிக்கணக்கானோர் அதைச் சத்தமாகவே வாயில் எடுத்தார்கள், படம் அதை வாங்கியது, முதலில் பாடியவரைவிட இரண்டாவதாகப் பாடியவர் புகழ் பெற்றார். ஒரு வித்தியாசம் உண்டு. யூடியூபில் காணொளியின் கீழே எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்கள் வரிசையாக இருந்தன. உரிமைப் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்பதில் தெளிவு இருந்தது. ரிச்சர்ட் பெரிக்குத் தன் பாட்டின் உரிமையில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்க 1980களின் நடுப்பகுதிவரை வழக்கறிஞர்கள் தேவைப்பட்டார்கள். அதற்குள் அவருக்கு ஐம்பது வயது. கசெற்றின் காலத்துக் கொழும்பில் அப்படி வழக்குப் பேச யாருக்கும் வசதியும் இருக்கவில்லை, எண்ணமும் இருக்கவில்லை. பாட்டு கையிலிருந்து கைக்குப் போனது, அவ்வளவுதான்.

2003ஆம் ஆண்டின் இலங்கைப் புலமைச் சொத்துச் சட்டம் ஒரு படைப்பாளியின் உரிமையை அவர் வாழும் காலத்துக்கும் அதன் பின் எழுபது ஆண்டுக்கும் காக்கிறது. அது மெட்டைக் காக்கும், வரியைக் காக்கும். ஆறு தட்டை எந்தச் சட்டமும் காக்காது. தாளத்துக்கு உரிமையாளர் கிடையாது. சிறாம்பியடியில் மஞ்ஞா பாடுகிறவர்களைத் தொலைக்காட்சிகள் அவ்வப்போது அழைத்துவந்து மேடையேற்றுகின்றன. மட்டக்களப்புப் பறங்கியர் சங்கம் கிரியோலைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முயன்றுகொண்டிருக்கிறது. பேசத் தெரிந்தவர்கள் இப்போது முதியவர்கள். நொன்ஸ்டொப் வாசிக்கிற எந்த இசைக்குழுவிடமும் கேட்டுப்பாருங்கள், 'சுராங்கனி' எந்தச் சுருதியில் என்று உடனே சொல்வார்கள். காப்பிரிஞ்ஞா என்றால் என்னவென்று கேட்டால், பத்தில் ஒருவர் சொல்லக்கூடும்.